நாயைத் தூங்க வை

"முதல்ல அந்த நாயைத் தூங்க வைடி."

அடையாறு சிக்னலில் பஸ் நின்றிருந்தது. முன் சீட்டில் இரண்டு பெண்கள், ஒருத்தி மடியில் லேப்டாப். பட்டினப்பாக்கத்து மீன் கடைக் குளிர்பெட்டியின் கன்ட்ரோல் போர்டை இங்கிருந்தே சரிசெய்கிறார்களாம்.

"எந்த நாய்?"

"வாட்ச்டாக், போர்டுக்குக் காவல் இருக்கற டைமர். புரோகிராமை நீ நிறுத்திப் பார்த்தா, செத்துடுச்சுன்னு நெனச்சு போர்டை மறுபடி ஆரம்பிச்சுடுது."

"நேர்லயே போயிடலாமா?"

"அதுக்குள்ள மீன் கெட்டுடும். இப்பவே முடிக்கிறோம்."

லேப்டாப்காரி தட்டினாள். மற்றவள் எட்டிப் பார்த்தாள்.

"இப்ப புரோகிராம் நிக்குது. பாரு, கதவு மூடினா மோட்டாரை நிறுத்தச் சொல்லியிருக்கு. 'திறந்தா'ன்னு இருக்கணும். யாருடி எழுதினது?"

"நேத்து நான்தான்."

"அப்ப நீயே மாத்து."

மாற்றிவிட்டு, மீன் கடைக்காரிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"அக்கா, மோட்டார் ஓடுதா?"

"ஓடிக்கினு கீது கண்ணு. மறுபடி நின்னுச்சுன்னா, மீனைத் தூக்கினு உன் ஆபீசுக்கே வந்துடுவேன்."