ஆச்சா?

சும்மா தொட்டுப் பாத்துட்டுப் போற கேஸ்னு பில் போடற அக்கா உங்ககிட்ட சொன்னது எனக்குக் கேட்டுடுச்சுண்ணா. ஐயோ, நீங்க எதுக்கு சாரி சொல்றீங்க, நீங்களா சொன்னீங்க? அவங்க சொன்னதும் தப்பில்ல. போன தடவை வந்தேன், தொட்டுப் பாத்தேன், போயிட்டேன். அதுக்கு முந்தின தடவை தொடக்கூட இல்ல. வெளியிலயே நின்னு கண்ணாடி வழியா பாத்துக்கிட்டிருந்தேன், நீங்க வந்து என்ன வேணும்னு கேட்டதும் பயந்துபோய் பேட்டரி இருக்கான்னு கேட்டுட்டேன். எந்த கேமராவுக்குன்னீங்க. சுவர்க் கடிகாரத்துக்குன்னேன். ஞாபகம் இருக்கா? இருக்கா... மறந்திருப்பீங்கன்னு நினைச்சேன்.

ஆனா இன்னைக்கு வாங்கிட்டுத்தான் போவேன். இன்னைக்கு விட்டா அப்புறம் வாங்கிப் பிரயோஜனம் இல்ல.

கொஞ்சம் மெதுவாதான் பேசுவேன், கோச்சுக்காதீங்க. கதவுப் பக்கம் நாற்காலியில, மருந்துச் சீட்டை மடிச்சு விசிறிக்கிட்டு உக்காந்திருக்காங்க பாருங்க, அவங்கதான் எங்க அம்மா. எனக்கு ஆசைக்கு ஒரு கேமரா வாங்க வந்திருக்கோம்னு நினைச்சுக்கிட்டிருக்காங்க. அவங்களைப் படம் பிடிக்கறதுக்குத்தான் வாங்கறேன்னு தெரிஞ்சா இப்பவே எழுந்து நடையைக் கட்டிடுவாங்க. அவங்க பேசறதைப் பிடிக்கணும்ணா. முகம் பளிச்னு வரணும், பின்னாடி மங்கலா வரணும், அதெல்லாம் எனக்கு முக்கியமே இல்ல. அவங்க பேசணும், அது கேக்கணும். வியாழக்கிழமை தொண்டையில ஆபரேஷன். நாளைக்குக் காலையில ஆஸ்பத்திரியில அட்மிட் ஆகணும். இப்பதான் ஆஸ்பத்திரியில டெஸ்ட்டுக்கு ரத்தம் குடுத்துட்டு நேரா இங்க வர்றோம். எனக்கு இருக்கறது இன்னைக்கு சாயங்காலம் மட்டும்தான்.

அந்தக் கறுப்பு கேமராவையும் வெள்ளிக் கலர் கேமராவையும் இன்னொரு தடவை எடுத்து வைக்கறீங்களா? ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல. ஆமா, இப்படி.

கறுப்பு கையில எடுத்தா நல்ல பிடிமானமா இருக்கு. கண்ணை வச்சுப் பாக்க இந்தக் குட்டி ஜன்னல் வேற இருக்கு. போன தடவை இதுல கண்ணை வச்சதும் எனக்கு என்னமோ நிம்மதியா இருந்துச்சு. என் மூஞ்சி யாருக்கும் தெரியாது பாருங்க. என்னை மாதிரி ஆளுங்களுக்குன்னே செஞ்ச மாதிரி. ஆனா இதுல வெளி மைக் சொருக ஓட்டை இல்லன்னு சொல்லிட்டீங்க. வெள்ளியில ஓட்டை இருக்கு, ஸ்க்ரீனை விரிச்சு முன்னாடி பக்கம் திருப்பிக்கலாம், ஆனா ஜன்னல் இல்ல. ஏண்ணா இப்படிப் பண்றாங்க? ஒண்ணுல குடுத்ததை இன்னொண்ணுல குடுத்துடக் கூடாதுன்னு உக்காந்து யோசிப்பாங்களா? ரெண்டும் சேந்தது மேல் தட்டுல இருக்கா? வேணாம்ணா, அதை எடுக்காதீங்க. பாத்தா மனசு கேக்காது.

நெட்ல எல்லாம் பாத்துட்டேண்ணா. ரெண்டையும் வச்சுக்கிட்டு ஒரு பூந்தொட்டியை எடுக்கறாங்க, ஒரு பூனையை எடுக்கறாங்க, ஒரு பொண்ணு நடந்து வந்து முடியைக் கோதிக்கறா. கடைசியில, எது வாங்கறதுங்கறது உங்க தேவையைப் பொறுத்ததுன்னு முடிச்சுக்கறாங்க. கீழ கமெண்ட்ல என் தேவையை எழுதிக் கேப்போமான்னு கூட நினைச்சேன். என்னன்னு எழுதறது? கேமராவைக் கண்டா வாயை இறுக்க மூடிக்கிற அம்மாவுக்கு எந்த மாடல் நல்லதுன்னா?

சிரிங்கண்ணா, பரவால்ல. எங்க வீட்டுல எல்லாரும் சிரிச்சதுதான்.

அவங்க பள்ளிக்கூட வண்டியில பிள்ளைங்களை ஏத்தி இறக்கற வேலை பாக்கறாங்க. எங்க தெருவுல முதல்ல அம்மா குரல் வரும், அப்புறமாதான் வண்டி வரும். ஷூ லேஸைக் கட்டு, தண்ணி பாட்டிலை எங்கடா விட்ட, ஏய் கதவுப் பக்கம் யாரு தலையை நீட்டறதுன்னு. வண்டிக்கு ஹாரனே வேணாம்னு டிரைவர் அண்ணன் சொல்வாரு. வீட்டுலயும் அப்படித்தான். அடுப்படியில இருந்துக்கிட்டு அப்பாகிட்ட, மாடியில இருக்கற என்கிட்ட, பக்கத்து வீட்டு அக்காகிட்ட, மூணு பேர்கிட்டயும் ஒரே நேரத்துல பேசுவாங்க. யாருக்குச் சொன்னது யாருக்கு வந்துச்சுன்னு பிரிச்சு எடுத்துக்கறது எங்க பொறுப்பு. நான் பேசாததுக்குக் காரணமே அதுதான்னு அப்பா சொல்வாரு. இவ பங்கையும் சேத்து நீயே பேசித் தீத்துட்டியேன்னு.

அப்படிப்பட்டவங்க, போட்டோன்னு வந்துட்டா முடிஞ்சுச்சு. விறைச்சு நிப்பாங்க. கை ரெண்டும் தொடையோட ஒட்டிக்கும், கண்ணு சிமிட்டாது, வாய் பூட்டு. வருஷா வருஷம் அடையாள அட்டைக்குப் படம் எடுக்கற அன்னைக்குப் பிள்ளைங்களை வரிசையா உக்கார வைக்கறது அம்மா வேலை. ஆடாத, பேசாத, மூச்சை இழுத்துப் பிடின்னு அதட்டிக்கிட்டே இருப்பாங்க. ஊருக்குச் சொல்லிச் சொல்லி அவங்களுக்கே அது சட்டமாயிடுச்சு. வீடியோவும் அவங்களுக்கு போட்டோதான். அம்மா, இது ஓடற படம்மா, நீ நடக்கலாம், பேசலாம்னு சொன்னா தலையை ஆட்டுவாங்க. சரியாப் புரிஞ்சுக்கிட்ட மாதிரி ஆட்டுவாங்க. ஆட்டிட்டு, மறுபடி மூச்சை இழுத்துப் பிடிச்சுக்குவாங்க.

போன வாரம் உக்காந்து, எங்க எல்லார் போன்லயும் இருக்கற வீடியோ அத்தனையும் போட்டுப் பாத்தேண்ணா. என் காலேஜ் பட்டமளிப்பு அன்னைக்கு எடுத்தது, சித்தப்பா புது வீட்டுல எடுத்தது, தங்கச்சி குழந்தை தவழ்ந்தது. அம்மா ஒவ்வொண்ணுலயும் இருக்காங்க. ஓரமா, தூண் மாதிரி. எல்லாரும் சிரிக்கறாங்க, கத்தறாங்க, குழந்தை அழுவுது. அம்மா சத்தம் மட்டும் இல்ல. முடியப் போறப்ப ஒரே ஒரு வார்த்தை வரும். ஆச்சா? அவ்வளவுதான். எடுத்தவங்க ஆச்சும்பாங்க, பட்டுனு வீடியோ நின்னுடும். அம்மா பேச ஆரம்பிக்கறதே அதுக்கப்புறம்தானே! ஒருத்தருக்காவது இன்னும் கொஞ்சம் ஓடட்டும்னு தோணல பாருங்க. இத்தனை வருஷத்துக்கு என்கிட்ட மொத்தமா இருக்கறது ஆச்சா, ஆச்சா, ஆச்சா. சித்தப்பா வீட்டுதுல மட்டும் ஆச்சாப்பான்னு இருக்கு.

போன்ல ஒளிச்சு வச்சு எடுக்கலாமேன்னுதானே கேக்கறீங்க? எடுத்தேன். தலையணைக்குக் கீழ வச்சேன், ஃபேன் சத்தம்தான் வந்துச்சு. அடுப்படியில டப்பாவுக்குப் பின்னாடி வச்சேன். அம்மா கண்டுபிடிச்சுட்டு, என்ன நினைச்சாங்களோ, போனைத் துடைச்சு என் மேசையில கொண்டாந்து வச்சுட்டாங்க. ஒண்ணும் கேக்கல. எனக்குத்தான் திருடி மாட்டிக்கிட்ட மாதிரி ஆயிடுச்சு. அம்மா, நீ பேசறதை எடுத்து வச்சுக்கறேனேன்னு நேரா கேக்க வேண்டியதுதானே? கேக்கலாம். கேட்டா எதுக்குன்னு கேப்பாங்கல்ல? அந்த எதுக்குக்கு நான் என்ன சொல்றது? அவங்களுக்குத் தெரியாதுன்னு இல்ல. டாக்டர் நேராத்தான் சொன்னாரு, கையெழுத்து போட்டதும் அவங்கதான். போட்டுட்டு, வெளிய வந்து, வண்டி நிக்கற இடத்துல வெயிலா இருக்கு, குடை எடுத்தியான்னாங்க. அன்னையில இருந்து வீட்டுல எல்லாரும் குடையைப் பத்தித்தான் பேசிக்கிட்டிருக்கோம். அந்த மாதிரின்னு வச்சுக்கோங்களேன்.

அதனாலதான் நல்ல கேமராவா வாங்கினா ஏதாவது வழி பிறக்குமான்னு பாக்கறேன். கறுப்புல ரெக்கார்ட் ஆகறப்ப முன்னாடி செவப்பா விளக்கு எரியுமா? எரியுமா... அதை அணைச்சு வைக்க முடியுமா? வெள்ளியில விளக்கு இல்ல, ஆனா ஸ்க்ரீனை முன்னாடி திருப்பினா அவங்க மூஞ்சி அவங்களுக்கே தெரியும். சேலையை இழுத்து விட்டுக்குவாங்க, முடியை ஒதுக்கிக்குவாங்க, அப்புறம் மூச்சு பிடிச்சுக்குவாங்க. கறுப்புல நான் ஜன்னல்ல கண்ணை வச்சா, என்னடி மூஞ்சியைக் காணோம்னாவது கேப்பாங்களோ? ஆனா மைக் இல்லியே. இப்ப அவங்களுக்குக் குரல் கம்மிப்போய் காத்துதான் பாதி வருது. கிட்ட உக்காந்தாதான் கேக்கும். சத்தம் போட்டுப் போட்டு தொண்டை கட்டிக்கிச்சுன்னு நாங்க எல்லாரும் மிட்டாயா வாங்கிக் குடுத்துக்கிட்டிருந்தோம். வண்டியில பிள்ளைங்களும் ஆளாளுக்குக் கொண்டாந்து குடுத்துச்சுங்களாம். பை நிறைய மிட்டாய். இப்ப மடியில வச்சிருக்கற பையிலயும் கிடக்கும் பாருங்க.

நானும் தெரியாமத்தான் கேக்கறேன், இதுல ஏதாவது ஒரு பட்டன் இருக்காண்ணா, முன்னாடி இருக்கறவங்களைப் பேச வைக்கறதுக்கு? தானாவே கண்ணைத் தேடிப் பிடிச்சு ஃபோகஸ் பண்ணுதாம், பூனை கண்ணைக்கூடப் பிடிக்குதாம். இதுக்கு ஒண்ணும் இல்லியா?

இல்லண்ணா, ரொம்ப நேரம் பேசிட்டேன். எங்க வீட்டுல கூட நான் இவ்வளவு பேசினதில்ல. உங்களுக்கு வேற ஆளுங்க காத்திருப்பாங்க.

என்ன? அவசரப்படாம, ஆபரேஷன் முடிஞ்சு நல்லா ஆனப்புறம் வந்து நிதானமா வாங்கலாமா?

நல்லா ஆயிடுவாங்கண்ணா. டாக்டரே சொல்றாரு. சாப்பிடுவாங்க, நடப்பாங்க, வேலைக்குக் கூடப் போகலாமாம். பேச மட்டும் மாட்டாங்க. குரல்வளையையே எடுத்துடறாங்க, அதுலதான் கட்டி இருக்கு. மூச்சு விட கழுத்துல ஒரு துளை வைப்பாங்க. தொண்டையில வச்சு அழுத்திப் பேசற மாதிரி ஒரு மெஷின் இருக்குன்னு ஒருத்தர் பேசிக் காமிச்சாரு. நல்ல மனுஷன், எங்களுக்காக வந்து பேசினாரு. அடுத்து அதே மெஷினை வச்சு வேற ஒரு அம்மா பேசினாங்க. ரெண்டு பேர் குரலும் ஒண்ணா இருந்துச்சுண்ணா.

சரி, ஏதாவது ஒண்ணு குடுங்க. நீங்களே பாத்துக் குடுங்க. எனக்குத் தெரியல.

வெள்ளியா? அது என்ன, மேல ஏதோ மாட்டறீங்க? மைக்கா? முடி முடியா இருக்கே, அணில் வால் மாதிரி. அதுக்குத் தனியா எவ்வளவு... அண்ணா? அண்ணா, எங்க எடுத்துக்கிட்டுப் போறீங்க? அம்மாகிட்ட வேணாம்ணா, அவங்களை எடுக்காதீங்க, சொன்னேன்ல, எழுந்து போயிடுவாங்க...

ஏன் அவங்க கையில குடுக்கறீங்க? அவங்களுக்கு அதெல்லாம் தெரியாதுண்ணா.

என்னம்மா? இல்ல, நானா? என்னை எதுக்கும்மா? அவர் சொன்னா ஆச்சா, எடுத்துப் பாத்து வாங்கணும்னு ஒண்ணும் இல்ல. சரி சரி, நிக்கறேன். இங்கயா? வெளிச்சத்துக்கா? கொஞ்சம் தள்ளியா? இந்தப் பக்கமா, உன் இந்தப் பக்கமா, என் இந்தப் பக்கமா?

விறைப்பா நிக்கறேனா! நானா? இதை நீ சொல்ற!

முடி இருக்கட்டும்மா. சரி, ஒதுக்கிட்டேன். தோளைத் தொங்கப் போடல. நான் எப்பவும் இப்படித்தான்மா நிக்கறேன். அதை ஏம்மா அவர்கிட்ட சொல்ற? ஒண்ணாவது படிக்கறப்ப மேடையில அழுதது இப்ப எதுக்கு? அண்ணா, நம்பாதீங்க, நான் ஓடல, இறங்கி வந்தேன். சரிம்மா, ஓடினேன். ஒரு செருப்பை விட்டுட்டு ஓடினேன். நீதானே போய் எடுத்துட்டு வந்த. ஆமா, மேடையில ஏறியே போய் எடுத்த. எல்லாரும் கைதட்டினாங்களா? அதை நீ சொன்னதே இல்லியே.

இல்லம்மா, நான் அழல. வெளிச்சம் கண்ணுல குத்துது.

கை வலிக்குதா? மெதுவா பிடி. பேசலாம்மா. எடுக்கறவங்க பேசலாம், அது தப்பில்ல. அப்புறம் என்ன ஆச்சு, அந்த டீச்சர் என்ன சொன்னாங்க? சொல்லேன். இருமிட்டுச் சொல்லு, பரவால்ல.

இல்லம்மா, இன்னும் ஆகல. இன்னும் கொஞ்சம்.

அண்ணா, அந்த மைக்கை ஏன் கழட்டி அம்மா பக்கமாத் திருப்பி மாட்டறீங்க?