நூற்று முப்பத்தேழாவது ஆள்

ஹலோ... ஆமா, நான்தான்... நான்தான் பேசறேன், சொல்லுங்க... சத்தமா? இங்க சத்தம் அப்படித்தான் இருக்கும். ஆஸ்பத்திரி லாண்டரி இது, ஒரே நேரத்துல ஆறு மிஷின் சுத்துது. கொஞ்சம் உரக்கப் பேசுங்க... ஆமா... ஆமா ஆமா, கடன் ஆப்புலேருந்துதானே? நம்பரைப் பாத்ததுமே நினைச்சேன். காலையிலேருந்து இது பதினோராவது நம்பர். முந்தின பத்துலயும் பேசினது நீங்கதானா?... ஓ, வேற வேற ஆளா. சரி.

இல்ல, கட்டல... ஆமா, இன்னிக்குத்தான் சம்பள நாள்... வந்துடுச்சே, பத்து மணிக்கே வந்துடுச்சு... அதான் உங்களுக்குக் கிடைக்கல. பழைய கணக்குல கையை விட்டுத் துழாவியிருப்பீங்க, சில்லறைதான் தட்டுப்பட்டிருக்கும். சம்பளத்தை வேற பேங்க்குக்கு மாத்திட்டேன்... ஏன்னா, எட்டு மாசமா நான் என் சம்பளத்தைப் பாக்கவே இல்ல. 'வரவு'ன்னு ஒரு மெசேஜ் வரும், பின்னாடியே 'எடுக்கப்பட்டது'ன்னு இன்னொண்ணு வரும். நடுவுல ஒரு தும்மல் போடற நேரம் இருக்காது. இன்னிக்குத்தான் முழுசாப் பாத்தேன். ரெண்டு தடவை திறந்து பாத்தேன்.

யாரு திருடி?... தம்பி, ஒரு நிமிஷம். 'மேடம்'னு ஆரம்பிச்சீங்க, மூணு நிமிஷம் ஆகல, 'நீ வா போ'ன்னு வந்துட்டீங்க. பரவாயில்ல, நானும் வர்றேன். என் கடைசித் தம்பி வயசுதான் இருக்கும் உனக்கு. இப்ப சொல்லு, எவ்வளவு கட்டணும்?... இன்னொரு தடவை சொல்லு... நாப்பத்தோராயிரம்.

சரி, இப்ப நான் சொல்றேன், நீ கேளு... கேளுன்னா கேளு. நீங்க தர்றேன்னு சொன்னது பதினஞ்சாயிரம். என் கையில வந்தது பதினொண்ணாயிரத்து நானூறு. மிச்சத்தை ஏதோ செலவுன்னு நீங்களே பிடிச்சுக்கிட்டீங்க... ஆமா, 'ஒப்புக்கொள்கிறேன்'னு நான்தான் அழுத்தினேன், இல்லேன்னு சொல்லல. அன்னிக்கு ஆபரேஷன் தியேட்டர் வாசல்ல நின்னுக்கிட்டிருந்தேன். மூக்கை அறுத்துக் குடுன்னு எழுதியிருந்தாலும் அழுத்தியிருப்பேன். பதினாலு நாள் கழிச்சு, மூவாயிரத்து அறுநூறு கட்டினாப் போதும்னு மெசேஜ் வந்துச்சு. அட, நல்ல மனுஷங்களா இருக்காங்களேன்னு நினைச்சேன். தவணைன்னு நம்பிக் கட்டினேன். ஏழு தடவை, தம்பி. எட்டாவது தடவை கட்டப் போறப்ப எங்க சூப்பர்வைசரம்மா கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் படிச்சுப் பாத்தாங்க. அது தவணை இல்லையாம், நாள் தள்ளிப் போடறதுக்குக் கூலியாம். இருபத்தஞ்சாயிரத்து இருநூறு கட்டியிருக்கேன், பதினஞ்சாயிரம் பதினஞ்சாயிரமாவே நிக்குது...

சிரிக்கறியா?... இருமலா. சரி, தண்ணி குடிச்சுட்டு வா.

இங்க எனக்கு என்ன வேலை தெரியுமா? துணியை எடை போடறது. வார்டுலேருந்து ஈரமா வர்றப்ப ஒரு தடவை போடுவேன், துவைச்சுக் காஞ்சு போறப்ப ஒரு தடவை போடுவேன். ஈரத்துல நாப்பது கிலோ காட்டினது காஞ்சா இருபதுகூடத் தேறாது. ஆஸ்பத்திரிக்குப் போற ரசீதுல காஞ்ச எடையைத்தான் எழுதுவோம். தண்ணிக்குக் கூலி கேட்டா எவன் தருவான்? உன் நாப்பத்தோராயிரம் ஈர எடை. காஞ்சது பதினஞ்சாயிரம். அதை நான் தர்றேன், ஓடிப் போக மாட்டேன். மாசம் மூவாயிரம், அஞ்சு மாசம். கம்பெனி பேர்ல இருக்கற கணக்குக்கு, உன் சொந்த நம்பருக்கு இல்ல. அதோட கடன் தீரும்னு முதல்லயே ஒரு கடிதம் வேணும், கையெழுத்தோட... முடியாதா? முடியாதுன்னா நானும் இங்கதான் இருக்கேன், நீயும் அங்கதான் இருக்க.

அக்கா, மூணாம் நம்பரை நிறுத்துங்க, போர்வை சுருட்டிக்கிச்சு பாருங்க... உன்னை இல்ல தம்பி, டிரையர்கிட்ட இருக்கற அக்காவைச் சொன்னேன். நீ சொல்லு.

யாருக்கு போன் போடுவ?... என் போன்ல இருக்கற எல்லாருக்கும். போட்டோ போட்டு, 'மோசடிக்காரி'ன்னு எழுதி... ம்... ம், தெரியும். போன மாசம் இன்னொரு ஆப்புக்காரன் இதையேதான் சொன்னான். அன்னிக்கு இந்த லாண்டரி பாத்ரூமுக்குள்ள போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டு அழுதேன். எவ்வளவு நேரம்தான் அழறது? அழுது முடிச்சதும் போனை எடுத்து எண்ணிப் பாத்தேன். நூத்தி முப்பத்தேழு பேர். மறுநாள்லேருந்து நானே ஒவ்வொருத்தருக்கா போன் போட ஆரம்பிச்சேன். 'நான் கடன்ல மாட்டியிருக்கேன், யாராவது கூப்பிட்டு என்னைப் பத்திக் கேவலமாப் பேசுவாங்க, கேட்டுட்டு வெச்சுடுங்க'ன்னு சொன்னேன். மூணு நாள் ஆச்சு...

பொய் இல்ல தம்பி, போட்டுப் பாரு. வீட்டு ஓனரம்மா, அது உன் பாடு, வாடகை மட்டும் அஞ்சாம் தேதி தப்பக் கூடாதுன்னாங்க. எங்க அண்ணி, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேன்னு உருகிட்டு, நான் கேட்டுடுவேனோன்னு உடனே வெச்சுட்டாங்க. 'பைப் ரிப்பேர் ரெண்டு'ன்னு ஒரு பேர் இருந்துச்சு, யாருன்னே நினைவில்ல. அவருக்கும் சொன்னேன். முழுசும் பொறுமையாக் கேட்டுட்டு, இப்ப தண்ணி கசியறது நின்னுடுச்சாம்மான்னு கேட்டார். என்கூடப் படிச்ச ஒருத்தி மட்டும் எந்தெந்த ஆப்புன்னு கேட்டா. அப்புறம் மெதுவாச் சொல்றா, எனக்கும் மூணு ஆப்புல இருக்குடின்னு. இப்ப ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் உக்காந்து எது முதல்ல, எது அப்புறம்னு எழுதறோம். உங்களால எனக்கு நடந்த ஒரே நல்லது அது.

அதனால போடு. நூத்தி முப்பத்தேழு பேருக்கும் போடு...

யாரு?

...இல்ல. அவரை விட்டுடு.

நூத்தி முப்பத்தாறுதான். சரி, ஒத்துக்கறேன். வீட்டுக்காரர்கிட்ட மட்டும் சொல்லல... கெஞ்சல, விஷயத்தைச் சொல்றேன். அவர் லிப்ட் மெக்கானிக். வேலை பாக்கறப்ப ரெண்டு மாடி உயரத்துலேருந்து விழுந்துட்டார், தொடையில கம்பி வெச்சிருக்காங்க. இன்னும் நாலு மாசம் காலை ஊனக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார். ஆபரேஷன் செலவு முழுசும் கம்பெனி குடுத்துச்சுன்னு அவர்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன். பாதிதான் குடுத்தான். மீதி இதுன்னு தெரிஞ்சா, நாளைக்குக் காலையில டூல்ஸ் பையைத் தூக்கிக்கிட்டு நிப்பார். அதுக்காகத்தான் தம்பி, வெக்கத்துக்காக இல்ல... என்ன சத்தம் அது? யாருக்கு ரிங் போகுது?... என்னது, அவரையும் லைன்ல சேக்கறியா? நிறுத்து. நிறுத்துன்னு சொல்றேன்ல...

...என்னங்க.

நான்தான்... ஆமா, நான்தான். ஒண்ணும் ஆகல, எனக்கு ஒண்ணும் இல்ல. உக்காருங்க முதல்ல... அந்தக் குரல் வேற ஆள்... நீ குறுக்க பேசாத தம்பி. எங்க வீட்டு விஷயத்தை நானே சொல்லிக்கறேன், உன் வாயால வேண்டாம்.

என்னங்க, கேளுங்க. ஆபரேஷனுக்குக் கம்பெனி பாதிதான் குடுத்தான். மீதிக்கு ஒரு கடன் வாங்கினேன். அதைக் கட்ட இன்னொண்ணு. அதைக் கட்ட இன்னொண்ணு. இப்படி அஞ்சு ஆப்பு, அப்புறம் ரெண்டு கிரெடிட் கார்டு... ம்... ஒரு லட்சத்து எண்பத்தாறாயிரம் இருக்கு. ரெண்டரை இருந்துச்சு. ரெண்டு ஆப்பை முடிச்சாச்சு. கார்டு ரெண்டையும் பெட்ஷீட் வெட்டற கத்திரியால நாலா வெட்டிப் போட்டேன். பேங்க்ல போய் உக்காந்து பேசி, வட்டியை நிறுத்தி மாசத் தவணையா மாத்திட்டேன்... இருக்கு, எல்லாம் எழுதி வெச்சிருக்கேன், வந்து காட்டறேன்...

ஆமா... ஆமா, மத்தவங்களுக்குச் சொன்னேன்... ஓனரம்மாவுக்கும் சொன்னேன்... வாட்ச்மேனுக்கும்தான்... ஆமாங்க, ஊருக்கே தெரியும், உங்களுக்கு மட்டும் தெரியாது. அதுல நியாயம் இல்ல. என்னைத் திட்டுங்க, வாங்கிக்கறேன். ஆனா இப்ப இல்ல, இவன் கேட்டுக்கிட்டிருக்கான்...

என்ன சொன்ன தம்பி?... யார் பேர்ல?... அவர் பேர்ல புதுசா எடுத்து இதை அடைக்கறதா. அஞ்சு நிமிஷ வேலையா. நான் ஒருத்தி முழுங்கினது போதலையா உங்களுக்கு?... என்னங்க, நீங்க ஏன் 'சரி'ங்கறீங்க?... எங்க போறீங்க? அலமாரிக்கா?... அடையாள அட்டையை எடுக்காதீங்க. என்னங்க... நம்பரைச் சொல்லாதீங்க. நான் சொல்றதைக் கேட்டுட்டு அப்புறம் சொல்லுங்க, ஒரே ஒரு நிமிஷம்.

நீங்களே எத்தனை தடவை சொல்லியிருக்கீங்க, லிப்ட்ல மாட்டினவங்க என்ன பண்ணுவாங்கன்னு... சொல்லுங்க... ஆங். இருக்கற பட்டனையெல்லாம் அழுத்துவாங்க. அழுத்த அழுத்த எது எங்க நிக்குதுன்னு உங்களுக்கே புரியாமப் போயிடும், மேலேருந்து கத்துவீங்க, ஒண்ணையும் தொடாதீங்க, கையைக் கட்டிக்கிட்டு நில்லுங்கன்னு. நான் அஞ்சு பட்டன் அழுத்தினேங்க. இவன் ஆறாவது பட்டனை உங்க விரல்கிட்ட கொண்டு வர்றான்...

ம்.

...உள்ள வெச்சுட்டீங்களா? அலமாரியைச் சாத்திட்டீங்களா?... சரி. உக்காருங்க, காலைத் தூக்கி ஸ்டூல்ல வைங்க.

இல்ல, வேலைக்குப் போகக் கூடாது. நாளைக்கும் இல்ல, அடுத்த வாரமும் இல்ல... கௌரவமாவது ஒண்ணாவது. அந்தக் கால் இன்னொரு தடவை உடைஞ்சா அதுக்கு யார்கிட்ட போய்ப் பட்டனை அழுத்தறது? நாலு மாசம் நான் நிக்கறேன். அப்புறம் நீங்க நில்லுங்க, நான் கால் நீட்டி உக்காந்துக்கறேன்... முடியும். எட்டு மாசமா முடிஞ்சுதே. இப்ப ஒளிக்கற வேலையும் மிச்சம்...

என்னது?... நீங்க எடுக்கறீங்களா?... எல்லாரோட போனையுமா? எப்படி, என் நம்பருக்கு வர்றதை உங்க போனுக்குத் திருப்பி விடறதா?... அட, ஆமாங்க. எனக்குத் தோணவே இல்ல பாருங்க... சரி. சாயங்காலம் வந்ததும் மாத்திடலாம்... என்னங்க, அவ்வளவு கெட்ட வார்த்தை வேண்டாம், இதெல்லாம் ரெக்கார்டு ஆகுதாம்... ஆகட்டும்ங்கறீங்களா. சரி, ஆகட்டும்... ம்... ஆறு மணிக்கு ஷிப்ட் முடியும், நேரா வந்துடறேன்... தெரியும். கோபம்தான். தெரியும்... சரி. வைங்க.

...

தம்பி, இருக்கியா?... இருக்க. எல்லாம் கேட்டியா? இனிமே உங்க ஆளுங்க போனை எடுக்கறதுக்குன்னே எங்க வீட்ல ஒருத்தர் உக்காந்திருப்பார். எட்டு மாசமா பேச்சுத் துணைக்கு ஆள் இல்லாம இருக்கார், பாவம். லிப்ட் எப்படி ஓடுது, கயிறு எத்தனை இழைன்னு ஆரம்பிச்சார்னா, நீ வைக்கறேன்னு சொன்னாக்கூட விட மாட்டார். பதினொரு நம்பர்லேருந்தும் கூப்பிடுங்க.

இல்ல, நாப்பத்தோராயிரம் இல்ல... முப்பதும் இல்ல... இருபத்திரண்டா? இப்பத்தானே நாப்பத்தொண்ணு கேட்ட, அதுக்குள்ள அவ்வளவு காஞ்சுடுச்சா? இன்னும் கொஞ்சம் வெயில்ல போடு, பதினஞ்சுக்கு வந்துடும்... உன் மேனேஜர்கிட்ட கேக்கணுமா. கேளு. இந்த ரெக்கார்டையே அவருக்குப் போட்டுக் காட்டு, நான் திரும்பச் சொல்ற வேலை மிச்சம். கடிதம் வந்தா அடுத்த சம்பளத்துல மொதல் மூவாயிரம் வரும். வரலேன்னா வராது.

வேற யாருக்குச் சொல்வ?... யோசிச்சுப் பாரு. மிச்சம் இருந்தது அவர் ஒருத்தர்தான், அவருக்கும் உன் செலவுலயே சொல்லியாச்சு...

சரி தம்பி, நான் வைக்கறேன். துணி குவிஞ்சு கெடக்கு, அதை முடிச்சுட்டு ஆறு மணிக்கு ஓடணும். வீட்ல ஒருத்தர் என்னைத் திட்டக் காத்துக்கிட்டிருக்கார். அது ஒண்ணுதான் நான் நிஜமாவே பட்ட கடன், வட்டி ஏறுறதுக்குள்ள போய் அடைச்சுடறேன்.