ஊதிப் பார்த்த கல்

வைரம் வாங்கப் போகிறவர்கள் வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும். பசியில் எந்தக் கல்லும் பளபளவென்றுதான் தெரியும். மாலை வகுப்பில் கற்களைச் சோதிக்கச் சொல்லித்தரும் ஆசிரியர் முதல் நாள் சொன்னது இது. நான் சாப்பிட்டிருந்தேன். அக்கா சாப்பிடவில்லை.

கல்யாண மோதிரத்துக்குக் கல் பார்க்க என்னையும் கூட்டிப் போனாள். "நீதானே படிக்கிற, நீயே பாத்துச் சொல்லுடி."

கடைக்காரர் வெள்ளைத் தாளில் இரண்டு கற்களை வைத்தார். ஊதிப் பார்த்தேன். வைரத்தில் மூச்சின் ஆவி தங்காது, உடனே மறைந்துவிடும். கண்ணாடியில் சற்று நிற்கும். இரண்டும் வைரம்தான். இருந்தாலும் சந்தேகம் வந்து மறுபடி ஊதினேன்.

"தங்கச்சி ஊதுற ஊதுல கல்லு பறந்துடப் போகுது," என்றார் கடைக்காரர். அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள்.

லென்ஸ் வைத்துப் பார்த்தேன். சின்னக் கல் சுத்தம். பெரியதன் ஓரத்தில் மயிரிழை போல ஒரு விரிசல். பதிக்கும்போது உடையலாம் என்றேன்.

"தூசும்மா அது," என்றார் அவர்.

"இவ இப்படித்தாங்க. கதவப் பூட்டிட்டுத் தெருமுனை வரைக்கும் வந்து, பூட்டுனமான்னு திரும்பிப் போவா." அக்கா பெரிய கல்லையே வாங்கினாள்.

அவள் சொன்னது உண்மைதான். திரும்பிப் போவேன்.

வீட்டு மாடி ஏறியதும் அவளுக்கு இளைப்பு வந்தது. சின்ன வயதிலிருந்தே உண்டு. இன்ஹேலர் என் பையில்தான் இருக்கும். அவள் பை அழகுக்கு. எடுத்தேன். கை நீட்டினாள்.

"விரிசல் இருக்குன்னு ஒத்துக்கோ, தரேன்."

"குடுடி..." என்றாள். அது பதில் இல்லை. பிறகு தலையாட்டினாள். விரிசலுக்காக ஆட்டினாளா, மருந்துக்காகவா என்பது தெளிவாகவில்லை. ஆகவே மறுபடி கேட்டேன். அதற்குப் பிறகும் கேட்டேன்.

அவள் அசையாமல் கிடந்தபோது, கடைக்காரர் மடித்துத் தந்த தாளைப் பிரித்துக் கல்லை அவள் மூக்கருகே பிடித்தேன். ஆவி இல்லை. ஆனால் வைரத்தில்தான் ஆவி தங்காதே, அதை நம்பி முடிவுக்கு வரக் கூடாது. என் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பிடித்தேன். அதிலும் இல்லை. அதன் பிறகுதான் மருந்தை அவள் கையில் வைத்துவிட்டுப் பக்கத்து வீட்டாரைக் கூப்பிட்டேன். எடுத்துக் கொடுப்பதற்குள் முடிந்துவிட்டது என்று அவர்களிடம் சொன்னது பொய்.

நான்தான் கொடுக்கவில்லை. எழுதிக்கொள்ளுங்கள் இன்ஸ்பெக்டர் சார், மறுக்க மாட்டேன். கல் உங்கள் மேசையில்தான் இருக்கிறது. இந்த லென்ஸில் ஒரு தடவை பாருங்கள், இடது ஓரம். விரிசல் இருக்கிறதா?

தலையாட்ட வேண்டாம். வாயால் சொல்லுங்கள்.