மேல் ரோட்டுல நிக்கச் சொன்னா

சாயங்காலம் ஆறரை இருக்கும். கொஸ்லந்தைக்கு மேல ஒரு தோட்டம், அதோட மேல் ரோடு. ரெண்டு பக்கமும் தேயிலை. பனி எறங்கினா முன்னால போற ஆளோட முதுகு தெரியாது. வீடு இல்ல, லைட் இல்ல... அந்த ரோட்டுல ஒரு வேன் வந்துக்கிட்டிருக்கு.

கரண்ட் வர்ற வரைக்கும் சொல்றேன், கிட்ட வந்து உக்காருங்க. நான் பாத்ததில்ல இது. என் கூட்டாளி விஜேந்திரனோட பெரியம்மா ரெங்கம்மாவுக்கு நடந்தது. அப்ப அவங்க எளம் வயசு, அதனால அவ இவன்னே சொல்லிட்டுப் போறேன். ரெண்டாயிரத்து ரெண்டு. சண்டை நின்னிருந்த நேரம்.

எல்லங்கிற ஊர்ல ஒரு செக் நாட்டு அம்மா வந்து தங்கியிருந்தாங்க. பாட்டு டீச்சர். அவங்க நாட்டு ஆபரா ஒண்ண பதுளை டவுன்ல ஹோல் வாடகைக்கு எடுத்துப் பாட வைக்கணும்னு ஆசை. ஆபரான்னா நம்ம கூத்து மாதிரி, கதை முழுக்கப் பாட்டுத்தான். ஆனா இதுல வேஷமும் இல்ல, ஆட்டமும் இல்ல. பியானோ பக்கத்துல வரிசையா நின்னு பாடணும், அவ்வளவுதான். தோட்டத்து பஜனைக் கோஷ்டிப் பொம்பளைங்களுக்கு அந்தப் பாஷைய தமிழ் எழுத்துல எழுதிக் குடுத்துப் பழக்கினாங்க.

பெரிய பாட்டு கலாராணிக்குக் கெடச்சுது. ரெங்கம்மாவும் அவளும் உயிர்க் கூட்டாளிங்க. ஒரே லயத்து வரிசையில அடுத்தடுத்த காம்பரா வீடு. நல்லாப் பாடுற ஆள கொழும்புக்குக் கூட்டிட்டுப் போய்ப் படிக்க வைக்கிறேன்னு அந்த அம்மா சொல்லியிருந்தாங்க. கொழுந்துக் கூடைய எறக்கி வைக்க கலாராணிக்கு இருந்த ஒரே வழி அது. ரெங்கம்மாவுக்கும் அந்த ஆசை இருந்திருக்கு... வெளிய சொல்லல.

தோட்டத்துல இராமையான்னு கூத்து வாத்தியாரு. காமன் கூத்துல வேஷம் கட்டுறவங்களுக்கு மணிக்கட்டுல மஞ்சக் கயிறு காப்பு கட்டுவாரு. கட்டுன ஆளேதான் அவுக்கணும். அவுக்கிற வரைக்கும் நீ அந்த வேஷந்தான், நீ நீயில்லம்பாரு. கலாராணிக்கும் கட்டிட்டாரு. செக் அம்மா சிரிச்சிருக்காங்க, இதுல வேஷமே கெடையாதேன்னு.

"ஒரு பொண்ணு அழுவுறா. அவளா நின்னு பாடுறது வேஷம் இல்லாம என்னங்கம்மா?"ன்னாரு இராமையா.

பாட வேண்டிய நாள். காலையில இருந்தே மழை. ரெங்கம்மா போய் கலாராணிகிட்ட, வேன் இன்னைக்கு தேயிலை ஸ்டோர் கேட்டுக்கு வராதாம், நீ மேல் ரோட்டு வளைவுல போய் நில்லு, நான் பின்னாலயே வந்துர்றேன்னா. கலாராணி நம்பிட்டா. ஏன் நம்ப மாட்டா? ரெங்கம்மாவுக்கும் சேத்து ரொட்டி சுட்டுக் கட்டி எடுத்துட்டுல்ல போயிருக்கா.

வேன் ஸ்டோர் கேட்டுக்குத்தான் வந்துச்சு. டிரைவர் ஸமீம், மத்தப் புள்ள எங்கன்னு கேட்டாரு. காய்ச்சல்னு சொல்லிட்டு ரெங்கம்மா முன் சீட்டுல ஏறிக்கிட்டா. பதுளையில அந்தப் பெரிய பாட்ட இவதான் பாடினா. கைதட்டல் அடங்கவே இல்லியாம்.

திரும்பி வரும்போது மத்த தோட்டத்துப் பொம்பளைங்க எல்லாம் வழியில எறங்கிட்டாங்க. இவளும் ஸமீமும் மட்டுந்தான். ஸ்டோர் ரோட்டுப் பாலத்து மேல தண்ணி ஓடுது. ஸமீம் வேன மேல் ரோட்டுக்குத் திருப்பினாரு. வேணாம்னா ரெங்கம்மா. வேற வழி ஏதுன்னு அவரு போய்க்கிட்டே இருந்தாரு.

வளைவுல ஒரு பொம்பள. தலையில சீலை முந்தானை. கைய நீட்டிக்கிட்டு நிக்குது.

"காய்ச்சல்காரிய பாருங்க, மழையில நிக்குது"ன்னு ஸமீம் சிரிச்சாரு.

"நிப்பாட்டாதீங்கண்ணே."

அவரு நிப்பாட்டிட்டாரு. பின் கதவு தெறந்துச்சு... கிறீச்... யாரும் ஏறல. ஆனா சீட்டு அமுங்குற சத்தம். கதவு தானா சாத்துச்சு. வேன் முழுக்கப் பச்ச மண்ணு வாசம். அதுக்குள்ள மஞ்ச வாசம். ஸமீம் அதுக்கப்புறம் சிரிக்கல.

பின் சீட்டுல இருந்து தண்ணி சொட்டுது. டொக்... டொக்... ரெங்கம்மா திரும்பிப் பாக்கல. மணிக்கட்டுல மட்டும் என்னமோ ஜில்லுன்னு இறுக்கிச்சு.

லயத்துல கூட்டம். கலாராணிய வாசல்ல படுக்க வச்சிருந்தாங்க. மத்தியானமே அந்த வளைவுல மண்மேடு சரிஞ்சிருக்கு. பொழுது சாயுறதுக்கு முந்தியே தோண்டி எடுத்து, ரோட்டையும் ஒதுக்கிட்டாங்களாம். ரொட்டிப் பார்சல் இடுப்புல அப்படியே இருந்துச்சு, பிரிக்கவே இல்ல. கையில காப்ப காணோம். கட்டியிருந்த எடத்துல மஞ்சத் தடம் மட்டும்.

இராமையா அழுதுக்கிட்டிருந்தவரு, ரெங்கம்மா கையப் பாத்ததும் நிறுத்திட்டாரு. லாம்புக்கிட்ட இழுத்துப் பாத்தாரு. ஈரக் கயிறு. முடிச்ச வெரலால தடவினாரு.

"இது நான் கலாராணிக்குப் போட்ட முடிச்சு."

அவுத்து விடுங்கன்னு கால்ல விழுந்தா. தான்தான் அவள அங்க நிக்கச் சொன்னேன்னு எல்லாத்தையும் சொல்லி அழுதா. அவரு அவுக்கல. அடுத்த தைக்கு அவரும் போய்ச் சேந்துட்டாரு.

பெரியம்மா கொழும்புக்குப் போகல. இப்ப ஹல்துமுல்லையில விஜேந்திரன் வீட்டுலதான் இருக்காங்க. கயிறு இன்னமும் கையில. பனி எறங்கினா கேட்டுக்கு வெளிய போய் நின்னுக்குவாங்களாம். போன மாசம் ஒரு நாள் நல்ல மழை. இவன் குடைய எடுத்துக்கிட்டுப் போய், யாருக்காக பெரியம்மா நிக்கிறீங்கன்னு கேட்டிருக்கான்.

திரும்பினாங்களாம். இவன இதுக்கு முந்திப் பாத்ததே இல்லாத மாதிரி ஒரு பார்வை. கையில ஒரு ரொட்டிப் பார்சல்.

"வேன் இங்கதான் வரும் தம்பி... ரெங்கம்மா சொன்னா."