பக்கம் காட்டிய முகவரி

என் பெயர், தகப்பனார் பெயர், இருப்பிடம் மேலே கண்டபடி. வயது முப்பத்தொன்று. பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் கணக்கு வகுப்பு எடுக்கும் நிறுவனத்தில் புரோகிராமராக வேலை செய்கிறேன். யாரும் அழைக்காமல் நானாகவே காவல் நிலையத்திற்கு வந்து இதைச் சொல்கிறேன்.

எங்கள் வகுப்பின் தேர்வு மதிப்பெண் தளத்தில் வெளியான அன்று காலை, உதவி எண்ணுக்கு வந்த அழைப்பை நான் எடுத்தேன். பேசியவர் இப்போது இறந்துபோயிருக்கும் பெண்மணி. கணவரின் அடி தாங்காமல் மகளோடு ஊர் மாறி வந்து, வேறு பள்ளியில் அவளைச் சேர்த்திருப்பதாகச் சொன்னார். எங்கள் வகுப்பை மட்டும் மகள் விடவில்லை. பாடப் புத்தகம் தபாலில் வருவதற்காகப் புது முகவரியை எங்களிடம் கொடுத்திருந்தார். மதிப்பெண்ணைப் பார்க்கத் தகப்பனாருக்கும் நீதிமன்றம் அனுமதி கொடுத்திருந்ததால், எங்கள் தளத்தில் அவருக்கும் தனிப் பக்கம் இருந்தது.

"என் பக்கத்துல அவரோட போன் நம்பர் வருதும்மா. அப்போ அவரோட பக்கத்துல என் வீடு வருமா?" என்று கேட்டார். பின்னால் டிவி ஓடிக்கொண்டிருந்தது. பேச்சின் நடுவில் அதை அணைத்துவிட்டார்.

அதன் பிறகு நிரலைத் திறந்து பார்த்தேன். எங்கள் தளம் ஜாவாஸ்கிரிப்டில் எழுதியது. கேட்பவர் யார் என்ற விவரம் ஒவ்வொரு கோரிக்கையோடும் தனியாகக் கன்ட்ரோலர் என்ற நிரல் பகுதிக்குப் போய், அங்கிருந்து அவர் பார்க்கும் பக்கத்துக்கு மட்டும் போக வேண்டும். அப்படிச் செய்யாமல், பெற்றோர் இருவருக்கும் சேர்த்துப் பிள்ளைக்கு ஒன்று என்று சர்வரில் ஒரு பொது இடத்தில் வைத்திருந்தார்கள். தாய் பார்த்த பின் தகப்பன் திறந்தால், தாயின் போன் நம்பரும் முகவரியும் அவருக்கு வரும்.

அதன் பிறகு மேலாளரிடம் போய்த் தளத்தை உடனே நிறுத்தச் சொன்னேன். "மார்க் வர்ற நாள்ல மூடினா பெத்தவங்க நம்மள பிச்சு எடுத்துடுவாங்க. சாயங்காலம் பாத்துக்கலாம்" என்றார்.

அதன் பிறகு அந்த அம்மாவை அழைத்து, வீட்டை விட்டுக் கிளம்பும்படி சொன்னேன். "பொண்ணு ஸ்கூல்ல இருந்து வரணும். பூட்டின வீட்டைப் பாத்தா பயந்துடுவா. அவ வந்ததும் கிளம்பிடறோம்" என்றார். போலீசுக்குச் சொல்லட்டுமா என்று கேட்டதற்கு, ஏற்கெனவே இரண்டு தடவை சொல்லியாகிவிட்டது என்றார். மகள் வருவதற்கு முன் கணவர் வந்துவிட்டார்.

புத்தகம் அனுப்பும் எங்கள் ஆபீஸ் பெண்தான் முகவரியைச் சொன்னார் என்று போலீசார் அவரைப் பிடித்து வைத்திருப்பதாக மறுநாள் அறிந்தேன். அதற்குள் மேலாளர் தளத்தைத் திருத்திவிட்டிருந்தார். இப்போது பார்த்தால் பிழை தெரியாது. திருத்துவதற்கு முந்தைய நிரலை என் கணினியில் ஓடவிட்டு, இரண்டு போன்களில் திறந்து, ஆய்வாளருக்கு நேரில் காட்டியிருக்கிறேன்.

இன்று காலை நிலைய வராந்தாவில் அந்தச் சிறுமி தன் மாமாவோடு உட்கார்ந்திருந்தாள். நான் யார் என்று மாமா என்னிடம் கேட்டு அவளுக்குச் சொன்னதும், "எங்க வீட்டை யாரு சொன்னாங்க?" என்று என்னைக் கேட்டாள்.

"யாரும் சொல்லலடா. எங்க பக்கம்தான் காட்டிடுச்சு."

"அப்போ அந்த புக் அனுப்புற அக்காவை விட்டுடுவாங்களா?" என்றாள்.

இதுவரை சொன்னவை நான் கண்டதும் கேட்டதும் செய்ததும்தான். எழுதியதைப் படிக்கக் கேட்டேன், சரியாக இருக்கிறது.

(ஒப்பம்)