உள்ள போவாத போர்டு

ஹயாத் பாஷாதான் சார் மொதல்ல கெடுத்தான். மதுராந்தகத்துல ரேடியோ கட வச்சிருக்கானே, அவன்தான். ஆம்ப்ளிஃபயர செங்கல்பட்டுல ரிப்பேருக்குப் போட்டுட்டு இந்த பஸ்ஸுல நேரா அவன்கிட்டதான் போய்க்கினு கீறேன். கொஞ்சம் நவுந்து ஒக்காரு... ஆங், போதும்.

நம்மது கடப்பாக்கம். கண்ணாயிரம் மைக்செட்டுன்னு கேளு, நண்டு புடிக்கிறவன்கூட சொல்லுவான். பதினோரு வருசமா மாசி மகத்துக்கு நம்ம செட்டுதான். இந்த வருசம் ஊருக்குத் தலைவரு, தணிகைவேல் நாட்டாரு, "பாடுறதுக்கு ஒண்ணு, நான் பேசுறதுக்கு ஒண்ணு, ரெண்டு மைக்கு வேணும்"னாரு. பாஷாகிட்ட போனேன். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு போர்டு குடுத்தான். இந்தா, இதான். ஆம்ப்ளிஃபயருக்குள்ள ஒரு சந்து கீது, அதுல சொருவுனா ரெண்டாவது மைக்கு பேசும்.

வூட்டுக்கு வந்து சொருவுறேன், போவமாட்டேன்னுது! சந்துல ஒரு பல்லு நிக்குது. போர்டுல அதுக்கு வெட்டு வேற எடத்துல கீது. இன்னா வேல பாரு! நான் வுடுவனா? ஆக்சா பிளேட எடுத்தேன், பல்லுக்கு நேரா நானே ஒரு வெட்டு போட்டேன். வெண்ணெ மாதிரி போச்சு சார்.

போட்டுப் பாக்கலியான்னா... பேட்டரி சார்ஜுக்குப் போயிருந்துது.

மகத்தன்னிக்கு சாமி கடலாண்ட வந்துட்டாரு. நாட்டாரு மைக்கப் புடிச்சி "அன்பான..."ன்னாரு. அவ்ளோதான். பொக! ஜனங்க கையக் கூப்பிக்கினு நிக்குது, சில பேரு பொகையவும் சேத்துக் கும்புடுது.

அப்ப பாக்குறேன், பாஷா வரான், தோள்ல அவன் செட்டு! வேடிக்க பாக்க வந்தானாம். செட்டத் தூக்கிக்கினு எவனாவது வேடிக்க பாக்க வருவானா? பத்தே நிமிசம், பேச வச்சிட்டான். டப்பு கூட வாங்கல சார், அதான் வயிறு எரியுது. "அடுத்த வருசமும் பாஷாவே வரட்டும்"னுட்டாரு நாட்டாரு.

இன்னா, திருப்பித் திருப்பிப் பாக்குற? எழுதிகீதா? ஆறு வோல்ட்டா? நம்ம பேட்டரி பன்னெண்டு... இங்கிலீசுல பொடியா எழுதுனா நான் இன்னா கண்டேன்? வாயால சொல்றதுதான?

...சொன்னான், சொன்னான். "அண்ணாத்த, உங்க செட்டு ஆறா, பன்னெண்டா?"ன்னான். பதினோரு வருசம் தொழில் பண்றவனக் கேக்குற கேள்வியா அது? "குடுய்யா, எனக்குத் தெரியும்"னேன். "உள்ள போவலன்னா கொண்டாந்துடுங்க, வேற தரேன். மாறிப் போட்டுடக்கூடாதுன்னுதான் அந்தப் பல்லு"ன்னான். போவலன்னு கொண்டுபோய் நீட்டுனா அவன் முன்னாடி என் மானம் இன்னா ஆவறது?

இன்னா, எந்திரிச்சிட்ட? படாளத்துலயா எறங்குற? போர்டக் குடுத்துட்டுப் போ சார்! அந்த வெட்டு நாட்டாரு கண்ணுல படக்கூடாது...

பின்சீட்டு சார், பாத்தியா? போர்ட என் மடில போட்டுட்டு எறங்கிட்டான். போவட்டும். பாஷா வரணும், நாட்டாரு முன்னாடி நின்னு, "தப்பு என் போர்டுதான்"னு சொல்லணும். ஒரு வார்த்த சார், ஒரே வார்த்த. அது அவன் எனக்குக் குடுக்க வேண்டிய பாக்கி.