பீரோவுக்குள்ள ஒரு பாட்டு

…அந்த மயிலுதாங்க மொத எதிரி! நான் மைக்க ஆன் பண்ற வரைக்கும் எங்க வீட்டு மதில் மேல கம்முனு ஒக்காந்திருக்கும். ஆன் பண்ணி, மூச்ச இழுத்து, வாயத் தொறந்தேன்னு வைங்க… கத்தும் பாருங்க! என்னமோ நான் அதுக்குப் போட்டிக்கு வந்தாப்ல. அந்த இயர்போனக் கழட்டுங்க தம்பி. பஸ்ஸு குன்றாண்டார்கோவில் போய்ச் சேர இன்னும் நேரம் கெடக்கு. பாட்டு எப்புடி உருவாகுதுன்னு நான் சொல்றேன், கேளுங்க.

சினிமாப் பாட்டு இல்ல. நானே எழுதி, நானே மெட்டுப் போட்டு, நானே பாடி, போன்லயே ரெக்கார்டு பண்றது. யாருகிட்டயும் கத்துக்கல, எல்லாம் வீடியோ பாத்துதான். ரூம்ல எதிரொலி அடிச்சா துணிக்கு நடுவுல பாடணுமாம்! அதான் பீரோவத் தொறந்து, பட்டுச்சேலைக்கு நடுவுல மைக்கத் தொங்கவிட்டு, தலைய உள்ள விட்டுப் பாடுறேன். ஃபேனு போடக்கூடாது. திருக்கோகர்ணத்து வெயிலுக்கு ஒரு பாட்டு முடியறதுக்குள்ள குளிச்சாப்ல ஆயிரும். சிரிக்காதீங்க. பக்கத்து வீட்டு மருதாயி சன்னல் வழியாப் பாத்துட்டு, 'மணிமேகலை பீரோகிட்டப் பேசுறா'ன்னு தெருப்பூரா சொல்லிட்டா.

அது கெடக்கட்டும். மயிலு, குக்கரு, மோட்டாரு… எல்லாத்துக்கும் நேரம் பாத்து ஒதுங்கிக்கலாம். ஆனா ஒரு சத்தம் இருந்துச்சு பாருங்க… பாட்டு பூரா 'சிணுங், சிணுங்'னு! யாரு? எங்க மாடியில குடியிருந்த செவந்தி மகதான், வேற யாரு! இலக்கியான்னு பேரு, ஒன்றர வயசு. தாய்மாமன் போட்ட கொலுசோட தத்தக்கா பித்தக்கான்னு மாடிய அளந்துக்கிட்டே இருக்கும்.

மொதல்ல நல்லாத்தான் சொன்னேன். 'செவந்தி, நான் பாடுறப்ப மட்டும் கழட்டி வைம்மா'ன்னு. சரிக்கான்னு கழட்டுனா. அப்பயும் சிணுங்! கழட்டாமயே கழட்டுனேங்குறான்னு எனக்குக் கோவம் பொத்துக்கிட்டு வந்துருச்சு. படியேறிப் போயி வாய்க்கு வந்ததப் பேசிட்டேன். பொய் சொல்றவளுக்கெல்லாம் எங்க வீட்டுல எடம் இல்லன்னு… பேசிட்டேன் தம்பி. என் பாட்ட மொத ஆளாக் கேட்டு, 'நல்லாருக்குக்கா, இன்னொரு தடவ போடுங்க'ன்னு சொன்னவளே அவதான். ஒரே வாரத்துல காலி பண்ணிட்டு குன்றாண்டார்கோவில்ல இருக்குற அவ ஆத்தா வீட்டுக்குப் போயிட்டா. அவ வீட்டுக்காரரு இப்ப தெனம் இதே பஸ்ஸுலதான் டவுனுக்கு வேலைக்கு வந்து போறாராம்.

சரி, தொல்ல விட்டுச்சுன்னு பாடுனேன். சிணுங்! மாடி பூட்டிக் கெடக்கு, சிணுங்! குவைத்துல இருக்குற எங்க வீட்டுக்காரருக்கு வீடியோ காலப் போட்டு, போனச் சாச்சு வச்சுட்டு, 'வீட்டுல என்னமோ இருக்குங்க, கேளுங்க'ன்னு பீரோவுக்குள்ள பாடிக் காட்டுறேன். ரெண்டு வரிதான். மனுசன் விழுந்து விழுந்து சிரிக்கிறாரு! 'ஏய், நீ குனியறப்பெல்லாம் ஒன் தாலி மைக்குல இடிக்குதுடி!'

அம்புட்டு தூரத்துலேருந்து அவருக்குத் தெரியுது. கழுத்துல கெடக்குறது எனக்குத் தெரியல! இப்ப தாலிய முதுகுப் பக்கம் தூக்கிப் போட்டுக்கிட்டுத்தான் பாடுறேன். ரெக்கார்டிங்கு சுத்தமா வருது. இன்னொரு தடவ போடச் சொல்லத்தான் ஆளு இல்ல.

பையில என்னான்னு பாக்குறீங்களா? கொலுசுதான். கடையில ஒவ்வொரு சோடியா காதுகிட்ட வச்சு ஆட்டி ஆட்டிப் பாத்தேன். 'என்னக்கா தேடுறீங்க?'ன்னாரு கடைக்காரரு. இருக்குறதுலயே சத்தம் சாஸ்தியா வர்றது குடுங்கன்னேன்.

அய்யய்யோ, ஸ்டாப்பு வந்துருச்சா? இருங்க கண்டக்டரே, விசில் அடிச்சுறாதீங்க, எறங்குறேன்! பாருங்க தம்பி, டவுன்லேருந்து மூச்சு விடாம ஒங்ககிட்டப் பேசிட்டேன். செவந்தி கதவத் தொறந்தா மொத வார்த்த என்ன சொல்றதுன்னு மட்டும் இன்னும் வரல. வாய் வரலைன்னா… வாசல்ல நின்னு கொலுச ஆட்டிர வேண்டியதுதான்!